கடைசி பஸ் போயிடுச்சா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று உங்களில் சிலர் விசாரித்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. என் மகளுக்குத்தான்... இப்போது அவளுக்கும் ஒன்றுமில்லை. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அடங்கும் போலிருக்கிறது.

யாழினி பிளஸ் ஒன் படிக்கிறாள். எங்கள் கள்ளக்குறிச்சியில் பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்து அணி இருக்கிறது. அதில் ஆடுகிறாள். நான் மேட்ச் பார்க்கப் போகிறவள் இல்லை. பெற்ற பிள்ளை எகிறுவதையும் விழுவதையும் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. இவர்தான் - என் கணவர், பள்ளிக்கூட ஆசிரியர் - அன்றைக்கு விடாப்பிடியாக அழைத்துப் போனார்.

"ஒரு நாள் வந்துதான் பாரேன். என்ன ஆயிடப் போவுது?"

போனேன். ஆகிவிட்டது.

மேட்சின் கடைசி நொடிகள். கூட்டம் மொத்தமும் எழுந்து கத்துகிறது. யாழினி இரண்டு பெண்களுக்கு நடுவே எகிறினாள். பந்து கையை விட்டுப் போனது. அப்புறம் அவள் கீழே வந்த விதம்தான்... முதுகு, தோள், கடைசியாகப் பின்னந்தலை. சிமெண்ட் தரையில் தலை மோதிய சத்தம் அத்தனை கூச்சலிலும் எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டிருக்கவே முடியாது என்கிறார் இவர். கேட்டது.

ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று இன்று வரை தெரியாது. கண்மூடிக் கிடந்தாள். கன்னத்தைத் தட்டினேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. உதடு அசைந்தது.

"அம்மா... கடைசி பஸ் போயிடுச்சா?"

எனக்கு உயிரே போய்விட்டது. ஏன் தெரியுமா? எங்கள் வீடு மைதானத்துக்கு அடுத்த தெரு. அவள் எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்குக்கூட சைக்கிள்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் அதையேதான் கேட்டாள். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"வீடு எங்க? மலைப் பக்கமா?"

"இல்ல சார், இங்கதான். பக்கத்துத் தெரு."

"அப்ப எந்த பஸ்ஸைக் கேக்குது பொண்ணு?"

இவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார். "எதுக்கும் சேலம் போய் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

கார் சின்னசேலத்தைத் தாண்டும்போது மறுபடி கேட்டாள். என் மடியில் தலை. கண் பாதி மூடியிருக்கிறது. "கடைசி பஸ் போயிடுச்சாம்மா?" நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? குழம்பிப்போயிருக்கிற பிள்ளையிடம் என்ன பஸ், ஏது பஸ் என்று விசாரணையா நடத்த முடியும்?

"போயிடுச்சுடா கண்ணு," என்றார் முன் சீட்டிலிருந்து இவர். "நீ தூங்கு."

"ஆமாம்மா, போயிடுச்சு," என்றேன் நானும். "போனா போவுது."

ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கிறது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார்கள். போன் கூடாது, டிவி கூடாது, கூட்டம் கூடாது, சத்தம் கூடாது. படபடப்பு தரும் பேச்சு எதுவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் தெளிவாகத்தான் இருந்தாள். தன் பேர், என் பேர், என்ன கிழமை எல்லாம் சரியாகச் சொன்னாள். "கடைசியில என்ன ஆச்சுன்னு மட்டும் ஞாபகமே வரலம்மா" என்றாள். நான் உடனே கையை உயர்த்திவிட்டேன். மேட்ச் பேச்சே இந்த வீட்டில் கூடாது!

அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "கடைசி பஸ் நெஜமாவே போயிடுச்சா?" என்றாள்.

இன்னும் தெளியவில்லையே என்று பயந்தேன். ஆனாலும் முகத்தில் காட்டாமல் சிரித்தேன். "போயிடுச்சுடி தங்கம். அதுக்கு என்ன இப்போ?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதோடு பேச்சு நின்றுபோனது. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. அணித் தோழிகள் வந்தார்கள். நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். பயிற்சியாளர் வந்தார். "ஜெயிச்சுட்டோம்னு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் பிள்ளை பிழைத்து வந்திருக்கிறாள், இவர் ஜெயித்தாராம்! கதவைச் சாத்தினேன். அந்தச் செய்தியை அவளிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் தன் அணிச் சட்டையை மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். "இத அவங்ககிட்ட குடுத்துடுங்கப்பா. வேற யாராவது போட்டுக்கட்டும். நான் இனிமே ஆடல."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஓர் ஓரத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. இனி எகிற மாட்டாள், விழ மாட்டாள். எந்தத் தாய் வேண்டாமென்பாள்? ஆனால் அந்த நிம்மதி சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க... ஸ்கேனில் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே உடைந்துவிட்டதோ? டாக்டருக்கு போன் போட்டேன். "கவனிச்சுட்டே இருங்க" என்றார். அதைத் தவிர வேறென்ன செய்துகொண்டிருந்தேன் நான்?

இந்த நிலைமையில்தான் அவளுக்கு மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன்.

கடைக்காரர் சேகர், கவுண்டரில் சாய்ந்தபடி ஒரு ஆட்டோக்காரர் - மணி என்று பிறகு தெரிந்தது - அவர் பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருக்கும் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். மூன்று பேரும் உச்சஸ்தாயியில் இருந்தார்கள். என் மருந்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட சேகர் அதைப் பிரிக்கவே இல்லை.

"கடைசி பஸ்ஸுன்னா அது ஃபரிதா புடிச்சதுதான். அதுக்கு மேல இன்னா இருக்குது?"

"அட நீ வேற சேகரு! ஃபரிதா போட்டது ஃப்ரீ த்ரோ. மறிக்க ஆளே கெடையாது, கடியாரம் வேற நின்னுக்கினு இருக்குது. அது டெப்போவுல நிக்கற பஸ்ஸு. ஏறி குந்திக்கினா ஆச்சு," என்றார் கண்டக்டர்.

"மழ தூறிக்கினு இருந்துச்சுண்ணே! பந்து சோப்பு மாரி வழுக்குது. ரெஃப்ரி சட்டையிலயே தொடச்சிட்டுப் போட்டா பாரு ரெண்டையும்! எந்த டெப்போவுல அப்டி பஸ்ஸு நிக்குது, சொல்லுங்க?"

ஆட்டோ மணிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பழங்கதையே பேசிக்கினு இருங்க. இப்ப நம்ம வாத்தியார் பொண்ணு புடிச்சிதே, அதாங்க கடைசி பஸ்ஸு! ஓடற பஸ்ல ஒத்தக் கையில தொத்திக்கினு ஏறுனா மாரி!"

நான் கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன... என்ன பஸ்ஸுங்க அது?"

மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "மேடம் ஊருக்குப் புதுசா?" என்றார் மணி. கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். சொல்வதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில்.

"நான் வெள்ளிமலை லைன்ல ஓடினு இருந்தவம்மா. அப்பல்லாம் நம்ம டீம்ல மலைப் பொண்ணுங்க ஜாஸ்தி. சாயங்காலம் கடைசி பஸ்ஸ வுட்டா வூடு போயி சேர முடியாது. ஒரு மேட்ச்சு. பாயிண்டு சமம். எக்ஸ்ட்ரா டைம் ஆடுனா பஸ்ஸு போயிடும். எங்க டிரைவரு ரோட்ல நின்னுக்கினு ஹாரன் மேல ஹாரன் அடிக்கறாரு. நான் ஃபுட்போர்டுல நின்னு மதிலுக்கு மேல எட்டிப் பாத்துக்கினு கீறேன். ராணின்னு ஒரு பொண்ணு. நடுக்கோட்ல இருந்து வுட்டா பாரு ஒண்ணு! பந்து காத்துல கீது, விசிலு ஊதறான். உள்ள போச்சா இல்லியான்னு அவ திரும்பிக்கூட பாக்கல. பையத் தூக்கிக்கினு ஓடியாந்து பஸ்ல ஏறிட்டா. நாந்தான் டிக்கெட் கிழிச்சிக்கினே சொன்னேன், 'பாப்பா, உள்ள போயிடுச்சு, ஜெயிச்சிட்டீங்க'ன்னு. 'சும்மா சொல்லாதீங்கண்ணே'ன்னுட்டா. நம்பவே இல்ல!"

மலையே கேட்கும்படி சிரித்தார். "அன்னியிலர்ந்து கடைசி செகண்டுல போட்டு ஜெயிச்சா 'கடைசி பஸ்ஸப் புடிச்சாச்சு'ன்றது. நாங்களும் அப்டித்தான் சொல்றது, ஆடற பொண்ணுங்களும் அப்டித்தான் சொல்லுதுங்க."

"சரி... உள்ள போகலன்னா?"

"'பஸ்ஸு போயிடுச்சு'ன்னுவாங்க," என்றார் சேகர், சாதாரணமாக.

அந்தக் கடையில் நான் நின்ற நிலையை எப்படி எழுதுவது? குழம்பியது என் மகளின் மூளை இல்லை. தரையிலிருந்து கண் திறந்ததும் அவள் என்னிடம் கேட்டது தெளிவான, சரியான, ஒரே ஒரு கேள்வி. பந்து உள்ளே போனதா? ஆஸ்பத்திரியில் கேட்டாள். காரில் கேட்டாள். மறுநாள் காலையில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். பதில் சொன்னபோதெல்லாம் பெற்றவள் நான் அன்பாகத் தலையைத் தடவிச் சொல்லியிருக்கிறேன்: 'பந்து உள்ளே போகவில்லை. நீ தோற்றுவிட்டாய்.'

சேகர் அப்போதுதான் சீட்டைப் பிரித்தார். "யாழினி..." படித்துவிட்டு நிமிர்ந்தார். மணி கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யம்மா... பாப்பாவோட அம்மாவா? அன்னிக்கி கூட்டத்துல உங்க மூஞ்சிய சரியா பாக்க முடியல. பாப்பா எப்டி கீது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத மூன்று பேரிடம், மாத்திரைக் கடை வாசலில். கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! கேக்கறப்பல்லாமா போயிடுச்சுன்னீங்க?"

"ஆமாங்க. அவங்க அப்பாவும்தான்."

"வாத்தியாருமா?" மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கும் ஏதோ வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நான் கிளம்பினேன். கண்டக்டர் குறுக்கே வந்தார். "நீங்க சொன்னா பாப்பா நம்பாதும்மா. நாங்களும் வர்றோம்."

"டாக்டர் சத்தமே கூடாதுன்னு..."

"சத்தமே போட மாட்டோம்மா. வாசல்லயே நிக்கறோம். நீங்க மொதல்ல சொல்லுங்க. நம்பலன்னா கூப்புடுங்க."

கடையை விட்டு வர முடியாத சேகர் பின்னாலிருந்து கூவினார். "ஃபரிதா பேர வுட்டுடாதீங்க!"

வீட்டில் யாழினி அதே சுவர்ப் பக்கம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "யாழி, கடைசி பஸ்ஸ நீ புடிச்சிட்டடி. பந்து உள்ள போச்சு. ஜெயிச்சிட்டீங்க."

திரும்பினாள். முகத்தில் சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான். "உனக்கு அந்த வார்த்தைய யார் சொன்னது?"

"மெடிக்கல்ல பேசிட்டிருந்தாங்க."

"அப்ப அன்னிக்கு போயிடுச்சுன்ன?"

"நான் நெஜ பஸ்ஸுன்னு நெனச்சேன்டி!"

என்னையே பார்த்தாள். "உள்ள போனத நீ பாத்தியா?"

ஒரு 'ஆமாம்' போதும். வாய்வரை வந்தது. ஆனால் ஏற்கெனவே தப்பாகச் சொல்லித்தானே இந்தக் கதி? "இல்ல யாழி. பந்து போன பக்கமே நான் பாக்கல. உன்னத்தான் பாத்துட்டிருந்தேன்."

"தெரியும். நான் சாப்பிடாம இருக்கேன்னு சும்மா சொல்ற." மறுபடி சுவர்.

வாசலுக்குப் போய் அவர்களைக் கூப்பிட்டேன்.

இரண்டு பேரும் செருப்பை வெளியே விட்டு, திருடர்கள் போல நுனிக்காலில் வந்தார்கள். பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓர் உக்கிரமான சண்டை, முழுக்க முழுக்க ரகசியக் குரலில்.

"பாப்பா," என்று கிசுகிசுத்தார் மணி, "ஒரு பாயிண்டு கம்மி நம்ம. பந்து தவறி உருளுது. நீ மூலையில புடிச்ச. ரெண்டு பேரு உன்னைய மறிக்கறாங்க. நீ எகிர்ன..." சோபா தலையணையை எடுத்து எகிறியே காட்டினார், சத்தமில்லாமல் இறங்கினார். "பந்து சொய்ய்ங்னு போயி வலைய மட்டும் தொட்டுச்சு. நம்ம டீமு பொறந்ததுல இருந்து இப்டி ஒரு பஸ்ஸு கெடையாது!"

"வலைய மட்டுமா?" கண்டக்டரும் கிசுகிசுத்தார். "டேய், வளையத்துக்குப் பின்னால கீற பலகையில பட்டு வுழுந்துதுடா. என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணாடி பவர மொதல்ல மாத்துங்கண்ணே."

"ஃபுட்போர்டுல நின்னே நடுக்கோட்டப் பாத்தவன் நானு. என்கிட்ட பவரப் பத்திப் பேசறியா? பட்டுச்சு, உள்ள போச்சு. ஜெயிச்சோம். நல்ல பஸ்ஸு, இல்லன்ல. ஆனா மொத எடம் ராணிக்குத்தான். ரெண்டாவது ஃபரிதா. பாப்பா மூணாவது."

"ஃபரிதாவ டெப்போ பஸ்ஸுன்னு இப்பதான சொன்னீங்க?"

"டெப்போவுல நின்னாலும் அது ஒழுங்கா பொறப்பட்ட பஸ்ஸு. இது முட்டி மோதி உள்ள போன கேசு. மூணாவதே ஜாஸ்தி."

மனுஷனே, நோயாளிப் பிள்ளையிடம் வந்து மூன்றாவது என்கிறீரே! தேற்றக் கூட்டி வந்தேனா, மார்க் குறைக்கக் கூட்டி வந்தேனா? கண்ணைக் காட்டினேன். அவர் கவனிக்கவே இல்லை. மணியின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு பலகையின் உயரத்தை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மூணாவதா?!"

அந்த அறையில் ரகசியமாக இல்லாத ஒரே குரல். யாழினி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்து, கண் சிவந்து, மூக்கு விடைத்து...

"அங்கிள், அந்த மூலையில இருந்து நான் போட்டா பலகையில படவே படாது. தெனமும் அங்கேர்ந்துதான் போடறேன். வேணும்னா கோச்சைக் கேளுங்க."

"நான் பாத்தேனே பாப்பா."

"நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க? மதில் மேலயா? அங்கேர்ந்து பாத்தா எல்லாமே பலகையில படற மாதிரிதான் தெரியும்." மணியிடம் திரும்பினாள். "அங்கிள், உங்க கையும் தப்பு. மணிக்கட்டு இப்படி மடங்கணும்." கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி மணிக்கட்டை மடக்கிக் காட்டினாள். வாயை இறுக்கிக்கொண்டாள். மணி மாணவனைப் போல அதே மாதிரி செய்து பார்த்தார்.

அந்தப் பந்தை எறிந்தது அவளுக்கு நினைவில்லை. இன்றைக்கும் இல்லை. டாக்டர் அது திரும்ப வராமலே போகலாம் என்கிறார். ஆனால் அது உள்ளே போனது என்பதில் அவளுக்கு அந்த நிமிஷத்திலிருந்து சந்தேகமே இல்லை.

ஏன் நான் சொன்னபோது நம்பவில்லை, அவர்கள் சொன்னபோது நம்பினாள்? யோசித்துப் பார்த்தேன். தேற்ற வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். நீதான் ராசாத்தி, நீதான் முதல், உன்னைப் போல உண்டா... அடிபட்டுப் படுத்திருக்கிற எவருக்கும் அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலைக் கேட்டதும் நமக்கு ஏதோ மோசமாகிவிட்டது என்றுதான் புரிந்துகொள்வோம். பொய் சொல்லி ஆறுதல் தர வந்தவன் பலகையில் பட்டதா படவில்லையா என்று பொத்தானைப் பிடித்துச் சண்டை போடமாட்டான். நடக்காத ஒன்றுக்கு யாரும் மூன்றாம் இடம் கொடுப்பதில்லை.

விளையாட்டு ரசிகர்களை நான் வெட்டி ஆட்கள் என்று நினைத்திருந்தேன். யாரோ எப்போதோ போட்ட பந்தைப் பற்றி இன்னமும் பேசுகிறார்களே, வேறு வேலை இல்லையா என்று. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ராணி இன்று எந்த ஊரில் குடும்பம் நடத்துகிறாளோ, ஃபரிதா எங்கே வேலை பார்க்கிறாளோ... அவர்களே மறந்திருக்கலாம். அவர்கள் போட்ட பந்துகளை ஒரு மாத்திரைக் கடை கவுண்டரில் இரண்டு மூன்று பேர் இன்னும் கீழே விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் தொலைத்துவிட்ட ஒரு நொடியையும் அவர்கள்தான் எடுத்து வைத்திருந்தார்கள்.

அணிச் சட்டை திரும்ப அவள் அலமாரிக்குப் போய்விட்டது. டாக்டர் சரியென்று சொல்லும்வரை மைதானம் கிடையாது. சொன்ன பிறகு? தடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். சமையலறையில் கரண்டி கீழே விழுந்தால்கூட இன்னும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

மூன்றாம் இடத்தை எதிர்த்து யாழினி செய்திருக்கும் அப்பீல் நிலுவையில் இருக்கிறது. ஆட்டோ மணி மூலமாகத் தினமும் புதுப் புது வாதங்கள் மெடிக்கலுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. கண்டக்டர் மசிவதாக இல்லை.

அவர் மசிந்துவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் பிரார்த்தனை.